உலைத் தண்ணீர்

1983 யூலைக் கடைசியில், இனக்கலவரத்தில், தெற்கிலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இறங்கியபோது, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். சனம் தங்கியிருந்த இடங்களில் கிணறுகளுக்குக் குளோரின் தூள் அளந்து போடும் வேலையை என்னிடமும் இன்னும் சில மாணவர்களிடமும் ஒப்படைத்தார்கள். தண்ணீரைச் சோதித்துப் பார்த்து மருந்து போடுவதை நான் பழகியது அப்படித்தான். அந்த நாட்களில்தான், ஓகஸ்ட் 1ஆம் திகதி திங்கட்கிழமை, கனடாவில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள பிக்கறிங் அணுமின் நிலையத்தில் 2ஆம் உலையின் ஜி16 என்ற குழாய் நீளவாக்கில் கிழிந்தது. பிற்காலத்தில் நான் சேர்ந்த தொழிலில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அந்தக் குழாயைப் பற்றியது.

அந்த உலையில் அப்படி 390 அமுக்கக் குழாய்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 மீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் விட்டம். யுரேனிய எரிபொருள் அதற்குள் இருக்கும். அதைச் சுற்றிக் கனநீர், அதாவது டியூற்றீரியம் என்ற கனத்த ஐதரசனால் ஆன நீர், ஓடும். வெப்பம் 300 பாகைக்குக் கிட்ட, அமுக்கம் நாம் சுவாசிக்கும் வளியின் அமுக்கத்தைப்போல நூறு மடங்குக்குக் கிட்ட. குழாய் சிர்க்கோனியம் கலந்த உலோகம். தண்ணீர் அந்த உலோகத்தை மிக மெதுவாக அரிக்கும். அரிக்கும்போது ஒட்சிசன் உலோகத்தில் பிடித்து ஒரு மெல்லிய படையாகும். மிஞ்சும் டியூற்றீரியத்தில் ஒரு பங்கு உலோகத்துக்குள்ளேயே ஊறும். ஜி16 குழாயை அதைச் சுற்றியிருந்த வெளிக்குழாயிலிருந்து விலக்கி வைத்திருந்த வளையக் கம்பிச்சுருள்கள் இடம் மாறியிருந்தன. குழாய் தொய்ந்து, குளிர்ந்த வெளிக்குழாயில் முட்டியது. உலோகத்துக்குள் ஊறிய டியூற்றீரியம் அந்தக் குளிர்ந்த இடத்தைத் தேடிச் சேர்ந்து கொப்புளம் கட்டியது. கொப்புளம் வெடித்தது. இயக்குநர்கள் உலையை ஒழுங்காக நிறுத்தினார்கள், ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்குள் பிக்கறிங்கின் பழைய நாலு உலைகளிலும் அமுக்கக் குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி, நியோபியம் கலந்த சிர்க்கோனிய உலோகத்தில் புதிதாகப் போட வேண்டி வந்தது.

அந்த 1983 யூலை 2ஆம் திகதிதான் நமக்கு அக்கரையில், கல்பாக்கத்தில், முதலாவது உலை உயிர்பெற்றது. அதுவும் இதே கனநீர்க் குடும்பம்தான். ஒரு குடும்பத்தில் ஒன்று பிறந்த மாதத்துக்கு அடுத்த மாதம் மூத்தது நோய்ப்பட்டதாகப் பின்னாளில் எங்கள் வகுப்பில் ஓர் இந்தியப் பொறியியலாளர் சொன்னார்.

நான் கிளிநொச்சிக்குப் பக்கத்துப் பரந்தன்காரன். எங்கள் பக்கத்தில் இரசாயனம் என்றால் பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்த ஒன்றில்லை. ஆனையிறவு உப்பு லொறியில் வரும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் உப்புக்கரைசலுக்குள் மின்சாரத்தை விட்டுப் பிரித்து கொஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுப்பார்கள். அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகளோடு நான் படித்தேன். உப்பு, காரம், அமிலம், துரு ஆகிய நாலும் எங்களுக்கு வீட்டுப் பேச்சு. தொழிற்சாலையின் இரும்புக் கூரைத் தகடுகள் எவ்வளவு கெதியாகத் தின்னப்படும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிறகு போர் அந்தத் தொழிற்சாலையைத் தின்றது. நான் எண்பதுகளின் கடைசியில் கனடா போய், அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் முறை படித்து, ஒன்ராறியோ மாகாணத்தின் அணுமின் நிலையம் ஒன்றில் இரசாயன ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை தண்ணீர்தான் என் வேலை.

முதல் மாதத்தில் ஆச்சரியப்படுத்தியது சுத்தம். நாங்கள் தேடும் அழுக்கின் அளவு மைக்கிரோகிராம் கணக்கு. ஆயிரம் தொன் தண்ணீரில் ஒரு கிராம் சோடியம் இருந்தால் அதைப் பிடிக்க வேண்டும். மாதிரிப் போத்தலின் வாயை வெறும் விரலால் தொட்டால் வியர்வையின் உப்பே அந்த அளவைத் தாண்டிவிடும். அவ்வளவு சுத்தமான தண்ணீரைத் திறந்த குவளையில் எடுத்து வைத்தால், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்து சில நிமிடத்தில் கடத்துதிறன் ஏறிவிடும். அதனால் சில அளவுகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து எடுக்கவே முடியாது, குழாயோடு இணைத்த கருவியில்தான் பார்க்க வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் அந்தக் கருவிகள் குறைவு. ஒவ்வொரு சிப்ற்றிலும் போத்தலோடு போய் எடுத்துவந்து, சுவாலையில் தெளித்து அளந்து, கொப்பியில் பென்சிலால் எழுதுவோம். தொண்ணூறுகளின் நடுவில் அயன் பிரித்துக் காட்டும் கருவிகளும் கணினியும் வந்தன. எண்கள் பெருகின. கொப்பியில் எழுதியவர் அந்த எண்ணோடு ஒரு நிமிடமாவது இருந்தார். கணினியில் எண் தானாக வந்து தானாகப் போனது. அதை நான் ஓர் இழப்பாகவே இன்றும் நினைக்கிறேன்.

கனநீர் விலை உயர்ந்தது. சோதித்து முடிந்த மாதிரியைத் தொட்டியில் ஊற்றிவிட முடியாது, தனிப் பீப்பாயில் சேர்த்து, திரும்பத் தரமுயர்த்தி எடுப்பார்கள். தண்ணீரைச் சுத்தமாக்கும் றெசின் மணிகளில் ஊறியிருக்கும் சாதாரண நீரைக்கூட முதலில் கனநீரால் இடம்பெயர்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அவற்றை வெளியே எடுக்கும்போது, ஊறிய கனநீரைச் சாதாரண நீரால் மீட்பார்கள். உலைக்குள் ஓடிய கனநீரில் ட்ரிற்றியம் என்ற கதிரியக்க ஐதரசன் உண்டாகும். அது காற்றில் ஈரமாய்க் கலந்து, மூச்சாலும் தோலாலும் உடம்புக்குள் போகும். அதனால் சில இடங்களில் வெளியிலிருந்து காற்று வரும் பிளாஸ்ரிக் உடுப்புப் போட்டுத்தான் மாதிரி எடுப்போம். ஒழுங்காகச் சிறுநீர் மாதிரியும் கொடுக்க வேண்டும். ட்ரிற்றியம் தண்ணீரோடு தண்ணீராய் இருப்பதால் உடம்பு அதைத் தண்ணீரைப்போலவே வெளியேற்றும். பத்து நாளளவில் பாதி போய்விடும், நிறையக் குடித்தால் இன்னும் கெதியாய்ப் போகும்.

எனக்கு வேலை பழக்கியவர் உக்ரேனிய வழிவந்த ஒரு மூத்த வேதியியலாளர். அறிக்கையில் எல்லா எண்களும் எல்லைக்குள் இருக்கின்றன என்று கொண்டுபோனால் ஏற்கமாட்டார். நேற்று எவ்வளவு, போன மாதம் எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பார். நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கொண்டென்சரில் ஒரு குழாய் ஊசிமுனையளவு ஓட்டையானால் ஏரித் தண்ணீர் உள்ளே கசியும். சோடியமும் குளோரைட்டும் எல்லையைத் தொட முன்னரே, நாலைந்து நாளாக மெல்ல மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்தவர் குழாயை அடைக்க நேரம் எடுத்துக்கொள்வார். எல்லையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் உலையை நிறுத்த ஓடுவார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வெளியில் இருப்பவர்கள், அரிப்புக்கு ஒரு மருந்து இருக்கும், அதைச் சரியான அளவில் போட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். உலைக்குள் தண்ணீர் ஒன்று, உலோகம் பல. சிர்க்கோனியம், காபன் உருக்கு, துருப்பிடிக்காத உருக்கு, நிக்கல் கலப்பு என எல்லாம் அதே தண்ணீரில்தான் குளிக்கின்றன. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குக் கேடு. என் தொழில்வாழ்க்கை முழுவதும் இவற்றுக்கிடையே ஒரு சமாதானத்தைக் காப்பாற்றுவதிலேயே போனது.

ஐதரசனை எடுத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு தண்ணீரை உடைத்து ஒட்சிசனை உண்டாக்கும். ஒட்சிசன் குழாய்களை அரிக்கும். அதனால் கொஞ்சம் ஐதரசன் கரைத்து வைப்போம், அது ஒட்சிசனைத் திரும்பத் தண்ணீராக்கிவிடும். ஒரு கிலோ கனநீருக்கு 3 முதல் 10 மில்லிலீற்றர். குறைந்தால் ஒட்சிசன் தலைதூக்கும். கூடினால் உலோகத்துக்குள் ஊறுவதும் கூடும், ஜி16 நினைவுக்கு வரும்.

அடுத்தது பீஎச். இலிதியம் ஐதரொட்சைட்டுப் போட்டு, கனநீர் ஓடும் முதன்மைச் சுற்றின் பீஎச்சைப் பத்துக்கு மேல் வைத்திருப்போம். நான் சேர்ந்தபோது 10.2 முதல் 10.8 வரை விட்டிருந்தார்கள், மேல்பக்கத்தில் நிற்பதையே எல்லோரும் விரும்பினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பீஎச் தாழ்ந்தால் குழாய்ச் சுவரில் கரைந்த இரும்பு எரிபொருளின் மேல் போய்ப் படியும். அங்கே கதிர்பட்டுக் கதிரியக்கமாகித் திரும்ப உதிர்ந்து, நீராவி உண்டாக்கும் பொயிலர்களிலும் பம்புகளிலும் ஒட்டும். அதோடு சேர்ந்த கோபால்ற் 60இன் அரைவாழ்வு 5.27 ஆண்டு. திருத்த வேலைக்குப் போகும் ஆட்கள் வாங்கும் கதிர் அளவு அந்தப் படிவில்தான் தங்கியிருக்கிறது. ஆட்களைக் காப்பாற்ற பீஎச்சை உயர்த்தினோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துப் பொயின்ற் லெப்ரோ நிலையத்திலிருந்து செய்தி வந்தது. உலையிலிருந்து சூடான கனநீரை வெளியே எடுத்துச் செல்லும் பீடர் குழாய்கள், முதல் வளைவில், எதிர்பார்த்ததைவிட வேகமாக மெலிகின்றன. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்களவு. கேட்க ஒன்றுமில்லாத அளவுதான். குழாய்ச் சுவரே சில மில்லிமீற்றர் என்றபடியால் முப்பது ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலையிலிருந்து வெளிவரும் சூடான கனநீர் இரும்புக்குத் தாகத்தோடு வருகிறது, வேகமாகவும் ஓடுகிறது. சுவரில் உள்ள கறுப்புப் படையைக் கரைத்துக்கொண்டு போய், பொயிலரின் குளிர்ந்த முனையில் கக்குகிறது. உயர்ந்த பீஎச் அந்தக் கரைதலுக்குத் துணைபோயிருந்தது. எல்லா நிலையங்களும் 10.2 முதல் 10.4 என்ற ஒடுங்கிய இடைவெளிக்குள் வந்தன. இலிதியம் ஒரு கிலோவில் அரை மில்லிகிராம் அளவு. அந்த ஒடுக்கமான வரப்பில் நடப்பதுதான் அதற்குப் பிறகு எங்கள் நாளாந்த வேலை. புதிதாகப் போட்ட பீடர்களில் குரோமியம் கொஞ்சம் கூடிய உருக்கைப் பாவித்தார்கள். குரோமியத்தின் சிறு கூடுதல் மெலிவைப் பெரிதாகக் குறைத்தது. நாங்கள் தண்ணீரில் எவ்வளவு முயன்றாலும் தீராத ஒன்றை உருக்காலையில் ஒரு சிட்டிகை தீர்த்தது என்பதை இரசாயனவியலாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொயிலரின் மறுபக்கத்தில், நீராவி உண்டாகும் சாதாரணத் தண்ணீரில், சண்டை வேறு. ஒட்சிசனை விரட்ட ஐதரசீன், பீஎச்சை உயர்த்த அமோனியா அல்லது மோர்போலின். அமோனியா காபன் உருக்கைக் காப்பாற்றும். ஆனால் பழைய நிலையங்களில் கொண்டென்சர் குழாய்கள் பித்தளை. அமோனியாவும் ஒட்சிசனும் சேர்ந்தால் பித்தளையின் செப்பு கரையும், கரைந்த செப்பு போய்ப் பொயிலரில் படியும், படிவின் கீழே குழாயில் குழி விழும். பித்தளைக் குழாய்களை மாற்றும்வரை பீஎச்சை நினைத்தபடி உயர்த்த முடியாது.

இந்தப் பக்கத்தில்தான் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். 1986 டிசம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் சறி நிலையத்தில் ஊட்டுநீர்க் குழாயின் ஒரு முழங்கை வெடித்து நாலு பேர் இறந்தார்கள். 2004 ஓகஸ்ட் 9ஆம் திகதி யப்பானின் மிகாமா 3ஆம் உலையில் இன்னொரு குழாய் வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டிலும் கதிர்வீச்சுச் சம்பந்தமே இல்லை. வெறும் சுடுதண்ணீரும் நீராவியும். மிகாமாக் குழாய் தொடக்கத்தில் 10 மில்லிமீற்றர் தடிப்பு. 1976இல் நிலையம் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தை ஒருமுறையும் அளந்ததில்லை, சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. இதில் இரசாயனம் படித்தவர்களையே திடுக்கிட வைக்கும் ஒரு சங்கதி உண்டு. ஒட்சிசன் இரும்புக்கு எதிரி என்று படித்து, அதைத் துடைத்து வழித்து எடுத்துவிடுகிறோம். ஓட்டம் வேகமாயுள்ள சூடான குழாயில், ஒட்சிசன் அறவே இல்லாத மிகச் சுத்தமான தண்ணீர், இரும்பின் காவல் படையை இன்னும் எளிதாகக் கரைக்கும். சுத்தம் தானாகவே காவல் ஆகிவிடாது. மிகாமாச் செய்தி வந்த மாதத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோரும் பழைய பட்டியல்களைத் திரும்ப எடுத்து, வரைபடத்தோடு வைத்து வரி வரியாகப் பார்த்தோம்.

ஏரியிலிருந்தும் பிரச்சினை வந்தது. எண்பதுகளின் கடைசியில் ஐரோப்பியக் கப்பல்களின் நிலைநீரோடு வந்த வரிமட்டி என்ற சின்னச் சிப்பி பேரேரிகளில் பெருகி, நீர் உள்ளெடுக்கும் வழிகளை அடைத்தது. அதற்குக் குளோரின்தான் மருந்து. கல்பாக்கத்திலும் கடல் மட்டிக்கு அதே மருந்து. பரந்தனில் பிறந்த எனக்கு அந்த மணம் ஊரை நினைவூட்டியது.

1997இல் ஒன்ராறியோவில் ஏழு உலைகளை நிறுத்திவைக்க முடிவெடுத்தார்கள். பிக்கறிங்கின் பழைய நாலும் அதில் அடக்கம். ஓடும் உலையைக் காப்பதைவிட நிற்கும் உலையைக் காப்பது கடினம். தண்ணீர் அசையாது, மருந்து கலக்காது, காற்று புகும், பாதி நிரம்பிய குழாயில் நீர்மட்டம் நிற்கும் கோட்டில் துரு கத்தி வெட்டியதுபோல இறங்கும். அதற்கு இரண்டே வழி. ஒன்று, மருந்து கூட்டிய தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி, மேலே நைதரசனால் மூடுவது. மற்றது, கடைசித் துளியும் வடித்துவிட்டு உலர்காற்றை ஓயாமல் ஓட்டுவது. பாதிவழி கிடையாது. பிக்கறிங்கில் ஒன்று 2003இலும் இன்னொன்று 2005இலும் திரும்ப ஓடின, மற்ற இரண்டும் நிரந்தரமாக நின்றுவிட்டன.

போர் முடிந்து சனம் மீளக் குடியேறிய பிறகு கிளிநொச்சிக்கு வந்தபோது இந்தப் பாடத்தை எங்கள் ஊரிலேயே பார்த்தேன். இடம்பெயர்வில் கைவிடப்பட்ட நெல் ஆலைகளின் பொயிலர்கள். ஷெல் படாத பொயிலரும் உதவாமல் போயிருந்தது. அடியில் கொஞ்சத் தண்ணீர் கிடந்திருக்கிறது, அந்த மட்டத்தில் சுற்றிவர ஒரு கோடு, அந்தக் கோட்டில் இரும்பு காகிதமாகியிருந்தது. ஓடுகிற நாளில் உயிர் தப்ப ஓடியவர்கள் பொயிலரை வடித்துவிட்டு ஓட முடியாது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இன்றும் அறுவடைக்கு அறுவடை ஆலையை மூடுகிறவர்கள் பாதித் தண்ணீரோடு விட்டுப் போகிறார்கள்.

நெல் அவிக்கிற ஆலை வைத்திருக்கும் ஒருவர், தம்பி முறையானவர், என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். உமி எரிக்கிற சின்னப் பொயிலர்.

"அண்ணை, முந்தியைவிட உமி கூட முடியுது. ஏனெண்டு விளங்கேல்லை."

"தண்ணி எங்கத்தையான்?"

"கிணத்துத் தண்ணிதான். குடிக்க நல்ல தண்ணி."

"குடிக்க நல்லது பொயிலருக்கு நல்லதில்லை, தம்பி."

திறந்து பார்த்தபோது குழாய்களில் வெள்ளைப் படை கெட்டியாக ஏறியிருந்தது. எங்கள் வீட்டுக் கேத்தல்களில் இருக்கும் அதே சுண்ணாம்புதான். கேத்தலில் அது தேத்தண்ணியைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பொயிலரில் அது வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் மறிக்கும், குழாயின் உலோகம் சூடேறி மெதுப்பட்டு ஒருநாள் பிதுங்கும். அவரிடம் நான் கேட்டது மூன்று: தண்ணீரின் வன்மையைக் குறைக்கும் சின்ன றெசின் தொட்டி ஒன்று, நாளுக்கு ஒருமுறை அடியிலிருந்து கொஞ்சத் தண்ணீரைத் திறந்துவிடுவது, பீஎச்சை அளந்து எழுத ஒரு கொப்பி. றெசின் தொட்டியை வாங்கினார். திறந்துவிடுவதையும் செய்தார். கொப்பிக்குத்தான் நாள் எடுத்தது, பிறகு அவரின் மகள் எழுதத் தொடங்கினாள்.

2022 ஏப்ரலில் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு ஒன்று இலங்கைக்கு வந்து, அணுமின்சாரம் தொடங்குவதற்கு நாட்டில் என்னென்ன ஆயத்தம் இருக்கிறது என்று பார்த்துப் போனது. உலை வருமா, வரலாமா என்பது நாடு முழுவதும் திறந்து பேசி முடிவெடுக்க வேண்டிய காரியம். ஆனால் தண்ணீர் இரசாயனம் தெரிந்த ஆட்கள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாற் பொயிலர்கள் மூன்று ஓடுகின்றன, அங்கேயும் அமோனியாவும் ஐதரசீனும் சோடியக் கணக்கும்தான். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சியில் உள்ள பொறியியல் பீடத்திலும் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு தொழிலாகப் பார்க்க வேண்டும். பழக உலை வேண்டாம், ஊரிலுள்ள நெல் ஆலை போதும்.

ஆலை வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் போகம் முடிந்து பொயிலரை நிறுத்தும்போது, ஒன்றில் முழுதாக வடித்து, உலர்த்தி, ஈரத்தை உறிஞ்ச நீற்றாத சுண்ணாம்புக்கட்டித் தட்டு ஒன்றை உள்ளே வைத்து மூடுங்கள், அல்லது மருந்து போட்ட தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். திரும்பத் திறக்கும் முதல் நாளில் தண்ணீரைச் சோதித்து, திகதியோடு எழுதி வையுங்கள்.